காலைதோறும் ஓடிய டிஸ்க் செக்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரை வந்தது. டிஸ்க்கைச் சோதிக்க வேண்டியிருக்கிறது, வேண்டாமென்றால் ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள் என்று வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி. முதல் நாள் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோதிக்கட்டும் என்று விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்த் தோசை ஊற்றினேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து பார்த்தால் சதவீதம் அப்போதும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. ஒருவழியாக முடிந்து வழக்கமான திரை வந்தது. மறுநாள் காலையிலும் அதே செய்தி. அதற்கடுத்த நாளும்.

நான் வீட்டுப் பிளான் வரைகிறவள். சிவில் டிப்ளமோ படித்திருக்கிறேன். திருச்செங்கோட்டில் ஓர் இன்ஜினியர் எனக்கு வேலை கொடுக்கிறார். அவர் பேனாவால் கிறுக்கியதைப் போட்டோ எடுத்து அனுப்புவார். அதை அளவு பிசகாமல் கம்ப்யூட்டரில் வரைந்து, சுவர், ஜன்னல், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதனதன் இடத்தில் வைத்து அனுப்ப வேண்டும். என் கணவர் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். மல்லசமுத்திரத்துக்கு வெளியே எங்கள் தோட்டத்து வீட்டில் நானும் மாமனாரும் மாமியாரும்தான். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் மேற்கு அறையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் எருமையில் பால் கறக்கும் நேரம்வரை எனக்கு அந்தத் திரைதான். அந்தக் கம்ப்யூட்டர் என் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதனால் அதன் மேல் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு உண்டு.

சோதனை முடியும்வரை காத்திருந்தால் காலை நேரம் பாதி போய்விடும். அதனால் ஒரு கட்டத்தில் கீயை அழுத்தித் தாண்டிப் போக ஆரம்பித்தேன். அப்படித் தாண்டிய நாட்களில் ஒருநாள் ஒரு கோப்பு திறக்கவே மறுத்தது. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு வரைந்த மாடி வீடு. அவர்கள் இன்ஜினியர் முன்னால் உட்கார்ந்து பிளானுக்காகக் காத்திருக்கிறார்கள், இங்கே நான் கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்ல வாய் வராமல் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு எடுத்து வைத்திருந்த பிரிண்டைப் பார்த்து முதலிலிருந்து திரும்ப வரைந்தேன். இன்ஜினியர் கோபப்படவில்லை. வேண்டுமானால் ஆபீசுக்கே வந்து அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் வரையும்படி சொன்னார். அவர் அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் தினமும் திருச்செங்கோட்டுக்குப் போய்வந்தால் வீடும் நடக்காது, தோட்டமும் நடக்காது. இந்த வேலை என் கையைவிட்டுப் போவதற்கான முதல் பேச்சு அது என்று எனக்குப் பட்டது.

கணவரிடம் போனில் சொன்னேன். புதுசு ஒன்று வாங்கிக்கொள் என்றார். அவருக்கு எல்லாமே வண்டிக் கணக்கு, பார்ட் போனால் மாற்றிவிட வேண்டும்.

"எதனால வருதுன்னு தெரியாம புதுசு வாங்கி வெச்சா, அதுலயும் இதே வந்தா என்னங்க பண்றது?" என்றேன்.

உன் இஷ்டம் என்று போனை வைத்துவிட்டார். எதனால் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்தது வரைவது மட்டும்தான். கம்ப்யூட்டரின் உள் விவகாரம் எதுவும் தெரியாது. போனில் தேடித் தேடிப் படித்தேன். பாதி புரிந்தது, பாதியை மறுபடி படித்தேன். டிஸ்க்கில் ஒரு சின்ன அடையாளம் இருக்கிறதாம். எழுத வேண்டியதை எழுதி முடிக்காமல் டிஸ்க் நின்றுபோனால் அந்த அடையாளம் விழுந்துவிடும். அடுத்த முறை கம்ப்யூட்டர் எழும்போது அதைப் பார்த்துத்தான் சோதனையை ஆரம்பிக்கும். அடையாளம் விழுந்திருக்கிறதா என்று கேட்பதற்கு ஒரு கட்டளை உண்டு. சோதனையைத் தாண்டிவந்த ஒரு காலையில் அதை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன். டிஸ்க் அழுக்காக இருக்கிறது என்று பதில் வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு அப்படித்தான் பெயர்.

இதைச் சாப்பிடும்போது மாமியாரிடம் சொன்னேன். மறுநாள் பார்த்தால் கம்ப்யூட்டர்ப் பெட்டி பளபளவென்று இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, சாமி படம் துடைக்கும் துணியால் உலரவும் துடைத்திருக்கிறார். நான் சிரிக்கவில்லை. அவரளவில் அவரும் எனக்கு உதவத்தான் பார்த்தார்.

பிறகு பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டையாம்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் சேலம் போனேன். கடைக்காரர் நிதானமான ஆள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் கேபிளை மாற்றினார். டிஸ்க்கின் உடல்நிலையைச் சோதித்தார், குறை ஒன்றுமில்லை. அதன்பிறகு ஏதோ தட்டினார். இனிமேல் அந்தச் செய்தி வராது, நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். காலையில் சோதனை நடக்காதபடி நிறுத்தி வைத்துவிட்டேன் என்றார்.

அந்த இடத்தில் எனக்குச் சரியென்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று தோன்றத்தான் செய்தது. வெயில், பசி, திரும்பிப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. ஆனால் படித்தவரையில் எனக்குப் புரிந்திருந்தது. சோதனையை நிறுத்தினால் அடையாளம் விழுவது நிற்காது, விழுந்தது நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இன்னொரு வீட்டுப் பிளான் கெட்டபிறகுதான் தெரியவரும்.

"அதைத் திரும்ப வர்ற மாதிரியே பண்ணிக் குடுத்துருங்க. எதனால வருதுன்னுதான் எனக்குத் தெரியோணும்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுப்பு சொல்லாமல் பழையபடி மாற்றினார். அப்படியானால் சில நாள் இங்கேயே இருக்கட்டும், தினமும் போட்டு அணைத்துப் பார்க்கிறேன் என்றார். விட்டுவிட்டு வந்தேன். தினமும் போனில் கேட்டேன். ஒருநாள்கூட அந்தச் சோதனை வரவில்லை. கேபிள்தான் காரணம் போலிருக்கிறது என்று சந்தோஷமாக எடுத்துவந்து வைத்தேன். மறுநாள் காலை கறுப்புத் திரை.

அழுகை வந்தது. அழுது முடித்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கடையில் வராதது இங்கே வருகிறதென்றால் கோளாறு பெட்டிக்குள் இல்லை, இந்த வீட்டில் இருக்கிறது.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன். சுற்றிலும் கிணற்று மோட்டார்கள், தள்ளி ஒரு தறிப்பட்டறை. எல்லாம் சேர்ந்து ஓடும்போது எங்கள் வீட்டு லைட் மங்கும். தோட்டத்துப் பக்கம் வந்த லைன்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். வோல்டேஜ் ஏறி இறங்குவது இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஒயரிங்கில் தப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் காலைச் சோதனையை முழுக்க ஓடவிட்டு, பகலில் மோட்டார்கள் ஓடும் நேரமாகப் பார்த்துக் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒருமுறைகூடச் செய்தி வரவில்லை. ஒழுங்காக எழுந்தது. ராத்திரி முழுக்க அணைந்திருந்து காலையில் எழும்போது மட்டும்தான் வருகிறது.

அப்படியானால் சாயங்காலம் நான் அணைப்பதற்கும் காலையில் போடுவதற்கும் நடுவில்தான் ஏதோ நடக்கிறது. சாயங்காலம் என்ன செய்கிறேன் என்று யோசித்தேன். அணைக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டுத் தொழுவத்துக்கு ஓடிவிடுவேன். பால் வண்டி வந்துவிடும். கம்ப்யூட்டர் முழுக்க அணைவதை நான் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பால் கறக்கும் வேலையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கட்டளை கொடுத்ததும் அறையின் மூலையில் நெல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

திரை சீக்கிரமே இருண்டுவிட்டது. ஆனால் பெட்டிக்குள் ஃபேன் சத்தம் நிற்கவில்லை. முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னியது. உள்ளே டிஸ்க் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நேரம் ஆகுமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மாமனார் உள்ளே வந்தார்.

அவர் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போகுமுன் வீடு முழுக்க ஒரு சுற்று வருவார். தேவையில்லாத சுவிட்சை எல்லாம் அணைப்பார். டிவி, மிக்சி, போன் சார்ஜர் எதையும் விடமாட்டார். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். கம்ப்யூட்டர் சுவிட்சும் காலையில் அணைந்துதான் இருக்கும், நான்தான் போடுவேன். வேலை முடிந்த பொருளுக்குச் சுவிட்சை அணைத்து வைப்பதில் என்ன இருக்கிறது என்று நானும் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. இருண்ட திரையை அவர் ஒருதரம் பார்த்தார். குனிந்து, மேசைக்குப் பின்னால் கைவிட்டு, சுவிட்சை அணைத்தார். ஃபேன் சத்தம் பட்டென்று நின்றது. சின்ன விளக்கு செத்தது.

"மாமா" என்றேன்.

நான் அங்கே இருப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அது இன்னும் அணையலீங்க மாமா. உள்ள ஓடிட்டு இருந்துச்சு. தினமும் காலைல நான் படற பாடெல்லாம் இதனாலதானுங்க."

குரலில் காட்டம் வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இத்தனை வாரம் பட்ட அலைச்சல், கெட்டுப்போன பிளான், மடியில் பெட்டியோடு போன பஸ் பயணம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது.

"தெரியாமப் பண்ணிப்போட்டேன் சாமி. இனி அதுல கை வெக்கலே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு டீக்கடைக்குப் போகவில்லை. சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். முந்தின நாள் சுவிட்சை அணைத்ததற்கான சோதனை ஓடியது. அன்று சாயங்காலம் மாமனார் அந்த அறைப் பக்கமே வரவில்லை. நானே அணைத்து, பெட்டி தானாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கு மறுநாள் காலை கறுப்புத் திரை வரவில்லை. நேராக என் பிளான்கள் இருக்கும் திரை வந்தது. இத்தனை வாரம் கழித்துக் கிடைத்த வெற்றி. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அடுப்படிக்கு ஓடி மாமியாரிடம் சொன்னேன்.

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நல்லது என்றார். பிறகு, "ராத்திரி உங்க மாமாதான் கண்ணே மூடலே" என்றார். அந்த அறையில் சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது என்று எழுந்து எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தாராம். கை வைக்கவில்லை, பார்த்துவிட்டு மட்டும் வந்தாராம்.

நான் புரியாமல் நின்றேன். அப்போதுதான் மாமியார் சொன்னார். நடுவீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம் மாமனாருடைய தம்பியுடையது. லாரி விபத்தில் போய்விட்டார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் மோதி நடந்த விபத்து என்றே நினைத்திருந்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். நாக்பூருக்குப் போகிற வழியில் ஒரு மத்தியானம் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்கள். மாமனார் எப்போது நிறுத்தினாலும் வண்டிக்கு மொத்தமாகக் கரண்டை நிறுத்தும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குவாராம். அன்றைக்கு வெக்கை தாங்கவில்லை, கேபினில் படுத்த தம்பி ஃபேன் ஓடட்டும் என்று கேட்டதால் அணைக்காமல் சாப்பிடப் போயிருக்கிறார். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒயர் உரசி, தீப் பிடித்துவிட்டது. அவர் ஓடிவருவதற்குள் கேபினை நெருங்க முடியவில்லை.

"அதுக்கப்புறம் அவர் வண்டி ஏறவே இல்ல சாமி. யாருகிட்டயும் இதைப் பேசறதும் இல்ல" என்றார் மாமியார்.

நான் அறைக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தேன். திரை திறந்திருந்தது, ஒரு கோடும் போட முடியவில்லை. என் கண்டுபிடிப்பு சரிதான். அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அந்தச் சுவிட்சை அவர் அணைக்காமல் இருந்தால் அவருக்குத் தூக்கம் இல்லை, சீக்கிரம் அணைத்தால் எனக்கு வேலை இல்லை. இதில் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்ததும் அப்படி யாரும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்று தெரிந்தது. அவர் அணைப்பது தப்பே இல்லை. அணைக்கிற நேரம்தான் தப்பு.

சாயங்காலம் அவர் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். போய்க் கூப்பிட்டேன். ஒரு ஐந்து நிமிஷம் வர முடியுமா, சுவிட்சை அணைக்க நீங்கள்தான் வேண்டும் என்றேன். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கூடவே வந்தார்.

அவர் பார்க்கவே கட்டளை கொடுத்தேன். திரை இருண்டது. அவர் கை சுவிட்சை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. அந்தக் கையைப் பெட்டியின் மேல் வைக்கச் சொன்னேன். வைத்தார். உள்ளே ஓடுவது உள்ளங்கையில் தெரியும். திரை மட்டும்தான் அணைந்திருக்கிறது, உள்ளே நான் பகலெல்லாம் வரைந்ததை எழுதி முடிக்கிறது, இப்போது கரண்டை நிறுத்தினால் எழுதினது பாதியில் அறுந்துவிடும் என்று சொன்னேன். அவர் தலையை ஒருபக்கம் சாய்த்து, இன்ஜின் சத்தம் கேட்கிறவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டர்போ வண்டியும் இப்படித்தான் சாமி. ஓடி வந்த சூட்டுல உடனே ஆஃப் பண்ணப்படாது. நின்ன எடத்துலயே கொஞ்சம் ஐடில்ல ஓட உட்டு, சத்தம் அடங்குனதும்தான் நிறுத்தோணும்" என்றார்.

"அதேதானுங்க மாமா."

ஃபேன் மெல்லத் தாழ்ந்து நின்றது. விளக்கு அணைந்தது. அவர் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு குனிந்து சுவிட்சை அணைத்தார். நிமிரும்போது என்னைப் பார்த்து, "அத்தை ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு டீக்கடைக்குப் போனார்.

அதன்பிறகு வேலை அப்படியே சீராகிவிடவில்லை. இத்தனை வாரம் பாதியில் அறுந்து அறுந்து நின்றதில் என்னென்ன கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிளானாகத் திறந்து, ஒவ்வொரு சுவராகப் பார்த்தேன். பெரும்பாலும் தப்பித்திருந்தன. சிலவற்றில் கோடுகள் இடம் மாறிக் கிடந்தன, அவற்றைத் திரும்பப் போட்டேன். ஒன்று மொத்தமாகத் திறக்கவில்லை, அதை முதலிலிருந்து வரைந்தேன். எல்லாவற்றுக்கும் தனி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அதை அலமாரியில் மாமியாரின் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். பெட்டி அணைய அவ்வளவு நேரம் ஏன் எடுக்கிறது என்றும் தேடினேன். அணையும்போது தானாக வேலை செய்யும் சில புரோகிராம்களை, என்னவென்று தெரியாமல் நானே ஒருகாலத்தில் போட்டுவைத்திருந்தேன். அவற்றை எடுத்ததும் நேரம் குறைந்தது. சேலம் கடைக்காரரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் ஓ என்றார். பிறகு அதைத் தன் கடையில் வேறு யாருக்கோ எடுத்துச் சொல்வது எனக்குப் போனில் கேட்டது.

இன்ஜினியர் ஆபீசுக்கு வரச் சொல்லி மறுபடி பேச்செடுக்கவில்லை. வெண்ணந்தூர் வீடு தளம்வரைக்கும் எழும்பிவிட்டது, போட்டோ அனுப்பினார். படிக்கட்டு நான் போட்ட இடத்திலேயே திரும்பியிருந்தது.

மாமனார் இப்போதும் சாயங்காலம் சுற்று வருகிறார். இந்த அறைக்கு வந்ததும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து நிற்பார். நான் தொழுவத்தில் இருந்தாலும் கவலையில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. நான் வரைந்துகொண்டிருக்கும்போதே இடியோடு கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலை போட்டேன். பழைய கறுப்புத் திரை, பழைய செய்தி. சதவீதம் ஏறிக்கொண்டிருந்தபோது மாமனார் கதவருகில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"நேத்து நானில்ல சாமி" என்றார்.

"தெரியுமுங்க மாமா. கரண்டு போச்சுங்களே."

அவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சோதனை முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தப்பு ஒன்றுமில்லை என்று வந்ததும் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். நான் நாமகிரிப்பேட்டைக்காரர் ஒருவருடைய கோழிப்பண்ணை ஆபீஸ் பிளானைத் திறந்து, முந்தின நாள் விட்ட சுவரிலிருந்து வரைய ஆரம்பித்தேன்.